ஜப்பான் கிராமத்துல இடிஞ்ச வீடும் வயலும் வாங்கலாமா? (நீளமான இழை)

மாடித்தோட்டம், 8 செப்டம்பர் 2024

யூடியூப் தொறந்தாலே ஜப்பான்ல காலி வீட்டை சும்மா குடுக்கறாங்கன்னு வருது. ஒருத்தர் 6 லட்சம் ரூபாய்க்கு ஓட்டு வீடு, கிணறு, பின்னாடி முக்கால் ஏக்கர் வயல்னு வாங்கிட்டு டான்ஸ் ஆடறார். எங்க சேலத்துல அந்த காசுக்கு ஒரு சென்ட் கேட்டா சிரிப்பாங்க. நான் இப்ப டோக்கியோல வேலைல இருக்கேன், நாலஞ்சு வருஷத்துல விவசாயத்துக்குப் போயிடணும்னு ஆசை. வெளிநாட்டுக்காரன் விவசாய நிலம் வாங்கவே முடியாதுன்னு ஒரு கோஷ்டி சொல்லுது, தாராளமா வாங்கலாம்னு இன்னொரு கோஷ்டி. நெஜமா வாங்கினவங்க யாராச்சும் இருக்கீங்களா?

பன்னிவேலி, 8 செப்டம்பர் 2024, ராத்திரி

இருக்கேன். ஹ்யோகோ மாகாணம், தம்பா. கோபேல வேலை பார்த்துட்டு இருந்தேன், இப்ப பாதி இங்க பாதி அங்க. பழைய வீடு ஒண்ணு, வயலும் தோட்டமும் சேர்த்து அரை ஏக்கருக்கு கொஞ்சம் கம்மி. ரெண்டு கோஷ்டி சொல்றதும் பாதி சரி. வீடும் வீட்டு மனையும் எந்த நாட்டுக்காரனும் வாங்கலாம், முழு உரிமை. விவசாய நிலம்தான் வேற கதை, 1952 சட்டம் ஒண்ணு இருக்கு, அந்தந்த ஊர் வேளாண் கமிட்டி அனுமதி குடுக்காம விவசாய நிலம் கை மாறவே மாறாது. காசு குடுத்துட்டீங்க, சாவி வாங்கிட்டீங்க, கையெழுத்து போட்டுட்டீங்க, எல்லாம் இருந்தும் அந்த அனுமதி இல்லன்னா அந்த விக்கிரயமே செல்லாது. அந்த யூடியூப் ஆளு வயல் வாங்கிட்டாரா இல்ல வீட்டை மட்டும் வாங்கிட்டு வயல்ல நின்னு ஆடறாரான்னு முதல்ல பாருங்க.

பன்னிவேலி, 9 செப்டம்பர் 2024 (கீழ வர்ற மத்த பதிவும் என்னோடதுதான்)

விசா பத்தி கேக்கறவங்க எல்லாருக்கும் சேர்த்து: கிடையாது. நூறு ஏக்கர் வாங்கினாலும் ஒரு நாள் விசா கூட வராது.

14 செப்டம்பர் 2024

"முடியாது" கோஷ்டி ஏன் அப்படி சொல்லுதுன்னு யோசிச்சேன். 2023 மார்ச் வரைக்கும் ஒரு குறைஞ்சபட்ச அளவு இருந்தது, நீங்க வாங்கப் போறதையும் சேர்த்து உங்க கைல மொத்தம் 50 ஆர் விவசாய நிலம் இருக்கணும், நம்ம கணக்குல ஒண்ணேகால் ஏக்கர் (ஹொக்கைடோல 2 ஹெக்டேர்). ஏற்கனவே விவசாயியா இல்லாதவன் எங்க போவான்? சில ஊர்க்காரங்க மட்டும் காலி வீட்டோட ஒட்டின துண்டு நிலத்துக்கு அந்த அளவை ரொம்ப கீழ எறக்கி வெச்சிருந்தாங்க. 2023 ஏப்ரல்ல அந்த அளவையே தூக்கிட்டாங்க. அதனால பழைய வீடியோ, பழைய பதிவு எல்லாத்தையும் தேதி பார்த்து படிங்க.

ஆனா அளவு போச்சுன்னு கேட்டு தொறந்துடல. கமிட்டி பாக்கறது இதுதான்: வாங்கற நிலம் முழுக்க ஒழுங்கா சாகுபடி பண்ணுவியா, வேலை நடக்கறப்ப நீ அங்க இருப்பியா, சுத்தி இருக்கற விவசாயத்துக்கு எடைஞ்சல் பண்ணாம இருப்பியா. 2023 செப்டம்பர்லேர்ந்து விண்ணப்பத்துல எந்த நாட்டுக்காரன்னும் எழுதணும். அத வெச்சு மறுக்க சட்டத்துல இடமில்ல, ஆனா நாளைக்கு விசா முடிஞ்சா இவன் வயலை யாரு பாப்பாங்கற கேள்வி எதுத்தாப்ல உக்காந்திருக்கறவர் மூஞ்சில தெரியும். எனக்கு ஜப்பான்ல நிரந்தரமா தங்கற அனுமதி இருந்ததால அது சீக்கிரம் முடிஞ்சது.

இந்த சட்டத்துக்குப் பின்னாடி ஒரு நியாயம் இருக்கு. போர் முடிஞ்சதும் அமெரிக்க ஆக்கிரமிப்பு காலத்துல பண்ணையார்கள்கிட்டேர்ந்து நிலத்தை எடுத்து குத்தகைக்காரங்களுக்கு கொடுத்தாங்க. ஊர்ல இல்லாத பண்ணையாரோட குத்தகை நிலம் மொத்தமா போச்சு, ஊர்லயே இருந்தவருக்கும் ஹொக்கைடோ தவிர்த்து ஒரு ஹெக்டேர் வாக்குலதான் விட்டாங்க. அப்படி உழுதவன் கைக்கு வந்த நிலம் திரும்ப காசுக்காரன் கைக்குப் போயிடக்கூடாதுன்னுதான் 1952ல பூட்டு போட்டாங்க. அதனால கமிட்டிக்காரங்களை வில்லனா பாக்காதீங்க, அவங்க பெரும்பாலும் அந்த ஊர் விவசாயிங்கதான்.

22 செப்டம்பர் 2024

கீழ ஒருத்தர் "வருஷத்துக்கு 150 நாள் வயல்ல நிக்கணும், அதனால வேலைல இருக்கறவன் மறந்துடலாம்"னு அடிச்சு விட்டிருக்கார். 150 நாள்ங்கறது பொது அளவுகோல், சரிதான். ஆனா நிலத்தோட அளவுக்கு அவ்ளோ வேலையே இல்லன்னா, வேலை இருக்கற நாள்ல ஆள் இருக்கானான்னுதான் பாக்கறாங்க, குடும்பத்துல இன்னொருத்தர் செய்யறதும் கணக்குல வரும். ஊருக்கு ஊர் கெடுபிடி வேற. டோக்கியோல உக்காந்துட்டு தூரத்து ஷிமானே மாகாணத்துல வயல் வாங்கறேன்னு போனா எந்த ஊர்லயும் நடக்காது, அது வேற விஷயம்.

எனக்கு நடந்தது: கமிட்டி மெம்பர் ஒருத்தர் நேர்ல வந்து வயலை சுத்திப் பார்த்தார். என்ன பயிர், மெஷின் இருக்கா, எங்க இரவல் வாங்குவ, யாரு சொல்லிக் குடுக்கறா. கறுப்பு சோயாவும் அசுகி பயறும்னேன். இந்தப் பக்கத்துக்கு பேர் போனது ரெண்டும். தலையாட்டினார். அப்புறம் வரப்புச் சரிவைக் காட்டி "புல்லு யார் வெட்டுவா"ன்னு கேட்டார், அந்த ஒரு கேள்விலதான் ரொம்ப நேரம் நின்னார். கமிட்டி மாசத்துக்கு ஒரு தடவைதான் கூடும், விண்ணப்பம் ஒரு நாள் லேட்டானா அடுத்த மாசம்தான்.

23 செப்டம்பர் 2024

விட்டுப் போச்சு. அனுமதி வாங்கி வாங்கின வயல்ல கார் நிறுத்த ஜல்லி கொட்டாதீங்க. கன்டெய்னர் வெக்காதீங்க. விவசாய நிலத்தை வேற உபயோகத்துக்கு மாத்தறதுக்கு தனி அனுமதி, மாகாண அளவுல. அனுமதி இல்லாம பண்ணினா 3 வருஷம் வரைக்கும் ஜெயில் இல்லன்னா 30 லட்சம் யென் வரைக்கும் அபராதம்னு சட்டத்துலயே இருக்கு.

5 அக்டோபர் 2024

வீட்டைப் பத்தி எழுதுங்கன்னு மூணு பேர் கேட்டாச்சு.

முதல்ல, ஜப்பான்ல 90 லட்சம் காலி வீடு இருக்குன்னு சொல்றாங்களே, அந்த கணக்கு. 2023 சர்வேல வந்த எண்ணிக்கைதான், மொத்த வீட்டுல 13.8 சதவீதம். ஆனா அதுல பாதிக்கு கிட்டத்தட்ட வாடகைக்கு ஆள் தேடிட்டு இருக்கற ஃப்ளாட்டுங்க. விக்கவும் இல்லாம வாடகைக்கும் விடாம சும்மா கெடக்கறது 38 லட்சத்து சொச்சம். அதுலயும் வித்துடலாம்னு மனசு வந்து ஊராட்சியோட காலி வீடு பட்டியல்ல போட்டது ரொம்ப கொஞ்சம். ஏன் விக்க மாட்டேங்கறாங்கன்னா உள்ள தாத்தா பாட்டி போட்டோ, சாமி அலமாரி, அப்புறம் திருவிழாவுக்கு வர்ற அக்கா எங்க தங்குவாங்கற கவலை. என் வீட்டுக்குள்ளயும் புத்தர் அலமாரி அப்படியே இருந்தது. சாமியாரைக் கூப்பிட்டு அதுலேர்ந்து ஆன்மாவை விடுவிக்கற பூஜை பண்ணித்தான் எடுக்கணும், வித்தவங்க குடும்பமே வந்து பண்ணிட்டாங்க, நல்ல மனுஷங்க. ஆனா மத்த சாமான் அத்தனையும் நம்ம தலைல. நாப்பது பேருக்கு பந்தி போடற அளவுக்கு அரக்குக் கிண்ணம், மெத்தை, மெத்தை, மெத்தை. "உள்ள இருக்கற பொருளோட அப்படியே"ன்னு பட்டியல்ல போட்டிருந்தா அதுக்கு ஒரு லாரி செலவு எழுதி வெச்சுக்குங்க.

கூரை எங்களுது நாணல் வேய்ஞ்சது, மேல தகரம் போட்டு மூடியிருக்கு. இந்தப் பக்கம் நெறைய வீடு அப்படித்தான். வேய்ஞ்ச கூரை நெலைக்கணும்னா உள்ள அடுப்பு எரிஞ்சு புகை படணும், புகை நின்ன நாள்லேர்ந்து மக்க ஆரம்பிச்சுடும். தகரத்தை எடுத்துட்டு மறுபடி வேயறேன்னு கனவு காணாதீங்க, அது கோடீஸ்வரன் வேலை. தகரத்துக்கு பெயின்ட் அடிங்க போதும்.

சுவர் மூங்கில் பட்டை பின்னி களிமண் பூசினது. தூண் எல்லாம் அஸ்திவாரம் இல்லாம கல்லு மேல சும்மா நிக்குது. மழைத் தண்ணி எங்க எறங்குதுன்னு கண்டுபிடிக்கறதுதான் முதல் வேலை, அழகு எல்லாம் அப்புறம். ஒழுகற எடத்துக்கு நேர் கீழ தரைப் பலகையைத் தூக்கிப் பாருங்க, கரையான் அங்கதான் குடித்தனம் பண்ணும். குளியலறையும் சமையலறையும் எப்பவும் சந்தேகக் கேஸ். வாங்கறதுக்கு முன்னாடி ஆசாரி ஒருத்தரைக் கூட்டிட்டு போங்க, அவர் வீட்டுக்குள்ள போகவே மாட்டார், நேரா தரைக்கு அடில டார்ச்சோட போவார், அப்படிப் போறவர்தான் சரியான ஆள்.

6 அக்டோபர் 2024

டாய்லெட் கேட்டவருக்கு: குழில தேங்கும், வண்டி வந்து உறிஞ்சிட்டு போகும். செப்டிக் டேங்க் வெக்கணும்னா சமையல் தண்ணியும் சேர்த்து சுத்தம் பண்ற வகைதான் வெக்கலாம், மலம் மட்டும் போற பழைய வகை 2001லேர்ந்து புதுசா வெக்கக்கூடாது. மானியம் பல ஊர்ல உண்டு, ஆனா வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி கேக்கணும்.

19 அக்டோபர் 2024

சம்பந்தமில்லாத பதிவு. கறுப்பு சோயா பச்சைக் காயா பறிக்கற சீசன் இது, அக்டோபர்ல கொஞ்ச நாள்தான். செடியோட கட்டி ரோட்டோரமா விக்கறாங்க, ஒசாகாலேர்ந்து கார் வரிசையா வருது. உப்புத் தண்ணில வேக வெச்சா போதும். என் வீட்டம்மா தாளிச்சு சுண்டல் பண்ணினா, பக்கத்து வீட்டு பெரியவர் சாப்ட்டு பார்த்துட்டு தேங்காயைத் தனியா எடுத்து வெச்சுட்டார்.

20 அக்டோபர் 2024

மாடித்தோட்டம் மெசேஜ்ல கேட்டது பொதுவா உபயோகமா இருக்கும்னு இங்க போடறேன். "5 லட்சம் யென் வீட்டுக்கு புரோக்கர் 3 லட்சத்து 30 ஆயிரம் கேக்கறார், ஏமாத்தறாரா?" இல்ல. 2024 ஜூலைலேர்ந்து 80 லட்சம் யென்னுக்குள்ள இருக்கற வீட்டுக்கு அவ்ளோ வரைக்கும் வாங்கலாம்னு விதியை மாத்திட்டாங்க, வரியோட சேர்த்து. சல்லிசு வீட்டுக்கு எந்த புரோக்கரும் மலை ஏறி வரலைங்கறதால. முன்கூட்டியே சொல்லி நீங்க ஒத்துக்கணும், அவ்ளோதான்.

1 டிசம்பர் 2024

இப்ப முக்கியமான எடத்துக்கு வரேன். வீடு வாங்கினா நீங்க வீட்டுக்காரர். வயல் வாங்கினா நீங்க வாய்க்கால்காரர். ரெண்டும் வேற.

ஜப்பான்லயே அதிகமா பாசனக் குளம் இருக்கற மாகாணம் ஹ்யோகோ. மலை அடிவாரத்துல கண்மாய் மாதிரி குளம், அதுலேர்ந்து வாய்க்கால், வாய்க்கால்லேர்ந்து மடை. தண்ணி முறை வெச்சுதான் வரும். யாரு எப்ப மடை தொறக்கணும்ங்கறது எழுதி இருக்காது, பெரியவங்க தலைக்குள்ள இருக்கும். வசந்தத்துல, நாத்து நடறதுக்கு முன்னாடி, ஒரு ஞாயித்துக்கிழமை காலைல ஊரே மம்பட்டியோட எறங்கி வாய்க்கால் தூர் வாரும். வரலைன்னா சில ஊர்ல காசு கட்டணும். காசு கட்டிட்டா போச்சுன்னு நெனைக்காதீங்க, கட்டின காசை விட வராத மூஞ்சிதான் ஞாபகம் இருக்கும். ஒவ்வொரு தடவையும் நான் பார்க்கறது, ஊர்ல சின்னப் பையன்னு சொல்றது என்னைத்தான், எனக்கு 46. 2020 கணக்கெடுப்புல முழுநேர விவசாயிங்க சராசரி வயசு 67.8, எங்க வாய்க்கால்ல அத விட கூடவே இருக்கும்.

அப்புறம் பாசன சங்கத்துக்கு வருஷச் சந்தா, நிலத்தோட அளவுக்கு. வயல்ல ஒண்ணுமே போடலைன்னாலும் உண்டு. முன்ன இருந்தவர் பாக்கி வெச்சிருந்தா அது நிலத்தோட சேர்ந்து உங்களுக்கு வரும், வாங்கறதுக்கு முன்னாடி சங்கத்துல கேளுங்க, புரோக்கர் சொல்ல மாட்டார், பல பேருக்கு தெரியவே தெரியாது.

இன்னொண்ணு. மலைப்பக்கத்து ஊர்ங்களுக்கு 2000லேர்ந்து அரசு நேரடியா பணம் குடுக்குது, 5 வருஷம் இந்த நிலத்தையெல்லாம் தரிசு விடாம பாத்துக்கறோம்னு ஊர் சேர்ந்து ஒப்பந்தம் போடணும். செங்குத்தான வயல்னா 10 ஆருக்கு (கிட்டத்தட்ட 25 சென்ட்) வருஷத்துக்கு 21,000 யென். நீங்க வாங்கற வயல் அதுக்குள்ள இருந்து, நீங்க பாட்டுக்கு புல்லு வளர விட்டீங்கன்னா பணத்தைத் திருப்பிக் குடுக்கற நிலமை வரும். யோசிச்சுப் பாருங்க, புதுசா வந்த வெளிநாட்டுக்காரனால ஊருக்கு தண்டம்.

புல்லு. மே மாசத்துலேர்ந்து செப்டம்பர் வரைக்கும் புல்லுதான். படி வயல்ல வரப்புச் சரிவு வயல் அளவுக்கு இருக்கும், பத்திரத்துல அது தனியா தெரியாது.

2 டிசம்பர் 2024

நேத்து எழுதினதைப் படிச்சா பயமுறுத்தற மாதிரி இருக்கு. தூர் வாரி முடிச்சதும் எல்லாரும் கரைல உக்காந்து டீ குடிக்கற அரை மணி நேரத்துலதான் எனக்கு பாதி விவசாயம் தெரிஞ்சது, அதையும் சொல்லணும். பன்னி வேலிக்கு கம்பி 20 சென்டிமீட்டர்லயும் 40லயும் கட்டணும், கீழ புல்லு முட்டினா கரன்ட் மண்ணுல எறங்கிடும்னு அங்கதான் சொன்னாங்க. மான் அதையெல்லாம் தாண்டிடும், அதுக்கு ரெண்டு மீட்டர் வலை. குரங்குக்கு என்ன பண்றதுன்னு கேட்டேன், எல்லாரும் சிரிச்சாங்க.

17 ஜனவரி 2025

இன்னைக்கு கோபே பூகம்பம் நடந்து 30 வருஷம். காலைல 5:46க்கு டிவில மணி அடிச்சாங்க. அன்னைக்கு செத்தவங்க ரொம்ப பேர் பழைய மர வீடு, கனமான ஓட்டுக் கூரை, அதுக்கடில நசுங்கினவங்க. 2024 ஜனவரி 1 நோதோ பூகம்பத்துலயும் அதே கதை. 1981 ஜூனுக்கு முன்னாடி கட்டின வீடு எல்லாமே பூகம்பம் தாங்கறதுக்கான பழைய விதிக் கணக்கு. நம்ம ஆசைப்படற நூறு வருஷ வீடு கணக்கே இல்லாத காலத்தது. நூறு வருஷம் நின்னுடுச்சே இன்னும் நிக்கும்னு ஒருத்தர் எழுதியிருந்தார். நடுவுல கரையான் வந்தது, சுவரை ஒடச்சு பெரிய ஜன்னல் வெச்சது, ரெண்டு தூணை எடுத்தது எல்லாம் அதே நூறு வருஷத்துக்குள்ளதான் சார். நாங்க படுக்கற ஒரு ரூமை மட்டும் முதல்ல பலப்படுத்தினோம். ஊராட்சில பரிசோதனைக்கும் வேலைக்கும் மானியம் இருக்கான்னு கேளுங்க.

9 பிப்ரவரி 2025

"பிடிக்கலைன்னா வித்துடலாமே?"

யாருக்கு? உங்களுக்கு முன்னாடி வருஷக்கணக்கா யாரும் வாங்காததாலதான் அந்த விலை. விவசாய நிலம்னா வாங்கறவரும் கமிட்டி அனுமதி வாங்கணும். அரசாங்கத்துக்கே குடுத்துடலாம்னு 2023 ஏப்ரல்ல ஒரு திட்டம் வந்தது, ஆனா அது வாரிசா வந்த நிலத்துக்கு. காசு குடுத்து வாங்கின நம்மளுக்கு கெடையாது. வாரிசுகளுக்குமே வீட்டை இடிச்சு, எல்லை தெளிவா காட்டி, மேல 2 லட்சம் யென்லேர்ந்து கட்டித்தான் குடுக்கணும். நிலத்தை வாங்கிக்கோன்னு சொல்லி காசும் கட்டறாங்க, அந்த அளவுக்கு இருக்கு.

வீட்டை அப்படியே போட்டுட்டு போயிட்டா வரி மட்டும்தானேன்னா, அதுவும் மாறிடுச்சு. வீடு நிக்கற மனைக்கு வரி ஆறுல ஒரு பங்குதான், 200 சதுர மீட்டர் வரைக்கும். அதனாலதான் இடிக்காம வெச்சிருந்தாங்க. இடிஞ்சு விழற நிலமைன்னா அந்த சலுகை 2015 சட்டத்துலயே போகும், 2023 டிசம்பர்லேர்ந்து அந்த அளவுக்கு போகலைன்னாலும் கவனிப்பு இல்லாம கெடந்தாலே ஊராட்சி எச்சரிச்சுட்டு பறிக்கலாம்.

20 ஏப்ரல் 2025

வாங்கறத பத்தியே பேசிட்டு இருந்தோம், இப்ப எனக்கு வேற மாதிரி தோணுது. வீட்டையும் வாசலை ஒட்டின காய்கறித் தோட்டத்தையும் வாங்குங்க, வயலை குத்தகைக்கு எடுங்க. மாகாணத்துக்கு ஒண்ணுன்னு 2014லேர்ந்து விவசாய நில வங்கி இருக்கு, அவங்க நடுவுல நின்னு குத்தகைக்கு குடுப்பாங்க, காலம் முடிஞ்சா நிலம் திரும்பிப் போயிடும். விக்கறவர் "வயலோடதான் வீடு"ன்னு பிடிவாதம் பிடிப்பார், ஏன்னா அவருக்கு தலைவலியே வயல்தான். எனக்கு வித்தவரும் அப்படித்தான். நான் ஒத்துகிட்டேன், இப்ப சோயா போட்டு சந்தோஷமாத்தான் இருக்கேன், ஆனா ரெண்டு முழங்கால் வேலை செய்யற வரைக்கும்தான் இந்த பேச்சு.

2025 ஏப்ரல்லேர்ந்து இன்னொண்ணு. ரெண்டு தளம் இருக்கற மர வீட்டுல பெரிய ரிப்பேர் பண்ணினா, அதாவது தூண், கூரை, சுவர்னு முக்கியமான ஒரு பகுதில பாதிக்கு மேல கை வெச்சா, இனிமே முன் அனுமதி வேணும். நகரத் திட்ட எல்லைக்குள்ள இருந்து, மனை ரோட்டை ஒழுங்கா ஒட்டாம இருந்தா அந்த அனுமதி வராம போகலாம். மேல மாடி இல்லாத ஒரே தளம், 200 சதுர மீட்டருக்குள்ளன்னா தப்பிச்சீங்க.

31 மே 2025

அரிசி 5 கிலோ 4,000 யென் தாண்டினதுலேர்ந்து எனக்கு ஒசாகா, கோபேலேர்ந்து போன் மேல போன், வயல் கெடைக்குமா அரிசி போடலாமான்னு. நாத்து நடற மெஷின், அறுக்கற மெஷின், காய வெக்கற மெஷின், இதெல்லாம் இருக்கற பெரியவரைப் பிடிச்சு வெச்சிருக்கீங்களான்னு கேட்டா போன் கட் ஆகுது.

14 ஜூன் 2025

மாடித்தோட்டம் ஒரு பட்டியல் லிங்க் அனுப்பி "இது எப்படி"ன்னு கேட்டிருந்தார். ஊர் பேர் வேண்டாம். வரிசையா பார்த்துட்டேன்.

விலை 3 லட்சம் யென். வீடு ஒரே தளம், நல்லது. கட்டின வருஷம் "தெரியாது". சாமானோட அப்படியே. தண்ணி மலை ஊத்து, அப்ப குழாய் யாரோடது, எத்தன வீடு பங்குன்னு கேக்கணும். வயல் முக்கால் ஏக்கருக்கு கொஞ்சம் கம்மி, அதுல ஒரு பாதி போட்டோலயே காடாயிடுச்சு, மூங்கில் நிக்குது. பதிவேட்டுல இன்னும் நெல் வயல்தான். அத இனிமே வயல் இல்லன்னு கமிட்டி சான்றிதழ் குடுத்தா அனுமதி தொல்லை இல்லாம கை மாத்தலாம், விக்கறவரை வாங்கச் சொல்லுங்க. எல்லை அளந்தாங்களான்னு பாருங்க, நாட்டுல பாதி நிலத்துக்குத்தான் 1951லேர்ந்து இத்தனை வருஷத்துல புது அளவை முடிஞ்சிருக்கு, மிச்சத்துக்கு மெய்ஜி காலத்துல (19ஆம் நூற்றாண்டு கடைசில) வரி போடறதுக்கு வரைஞ்ச வரைபடம் வழியில வந்ததுதான், அளவு ஏறும் குறையும். அடுத்து, "வாரிசுப் பதிவு நடக்கிறது"ன்னு போட்டிருக்காங்க. 2024 ஏப்ரல்லேர்ந்து கட்டாயமாக்கினதால இப்பத்தான் ஓடறாங்க. யார் பேர்ல இருக்குன்னு ஒரு தடவை எடுத்துப் பாருங்க, கொள்ளுத்தாத்தா பேர்னா கையெழுத்து போட வேண்டிய பேரப்பிள்ளைங்க பிரேசில் வரைக்கும் இருப்பாங்க. அது முடியாம முன்பணம் குடுக்க வேண்டாம்.

இதெல்லாம் கூட பேசிக்கலாம். ஊராட்சியோட ஆபத்து வரைபடத்துல போட்டுப் பார்த்தேன், வீட்டுப் பின்பக்கம் சிவப்பு ஜோன், மண் சரிவுக்கு. மஞ்சள்னா யோசிக்கலாம், சிவப்புன்னா வீட்டுச் சுவரையே மலை தள்ளும்னு அரசே கோடு போட்டிருக்கு. எங்க ஊர்ல இச்சிஜிமா பக்கம் 2014 ஆகஸ்ட்ல ஒரே ராத்திரில பெஞ்ச மழைல மலை எறங்கி வந்தது, இன்னும் அந்த வெள்ளைத் தழும்பு சரிவுல தெரியும். இது வேண்டாம். அடுத்தது அனுப்பறப்ப வரைபடத்தை முதல்ல நீங்களே பார்த்துட்டு அனுப்புங்க, விலையைக் கடைசியா பார்த்தா போதும்.